மூட்டைப்பூச்சியைக் கண்டறிந்து வீட்டிலிருந்து ஒழிக்கும் முறை

காலையில் எழும்போது கையிலோ கழுத்திலோ வரிசையாகச் சில தடிப்புகளைக் கண்டவுடன், கையில் கிடைத்த பூச்சிமருந்தை எடுத்து மெத்தை முழுவதும் அடித்துவிடுவதே பலரும் முதலில் செய்யும் காரியமாக இருக்கிறது. தடிப்புக்குக் காரணம் கொசுவாகவோ ஒவ்வாமையாகவோ இருந்துவிட்டால், தூங்கும் இடத்தில் நஞ்சைத் தெளித்ததுதான் மிச்சம். காரணம் மூட்டைப்பூச்சியாகவே இருந்தாலும் அந்த மருந்து இடுக்குகளுக்குள் போவதில்லை. முட்டைகளை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. பத்து நாள் கழித்து அந்த முட்டைகள் பொரித்ததும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே மருந்தை எடுப்பதற்கு முன்னால், வந்திருப்பது எது, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்ற இரண்டையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு அழிக்க வேண்டும். அதன் பிறகு, முட்டைகளின் நாள்கணக்கை மனத்தில் வைத்து மீண்டும் ஒருமுறை அழிக்க வேண்டும். அந்த இரண்டாவது முறையைத் தவறவிடுவதால்தான் பல வீடுகளில் இந்தத் தொல்லை ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பூச்சியை அடையாளம் காணுதல்

மனிதக் குடியிருப்புகளில் காணப்படும் மூட்டைப்பூச்சிகளில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. சைமெக்ஸ் லெக்டுலேரியஸ் என்பது மிதவெப்பப் பகுதிகளிலும், சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்பது வெப்பமண்டலப் பகுதிகளிலும் மிகுதியாக இருக்கின்றன. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் நீளமும், செம்பழுப்பு நிறமும், மேலிருந்து அழுத்திவிட்டதுபோல் தட்டையான முட்டை வடிவ உடலும் கொண்டது. வயிறு நிறைய இரத்தம் குடித்த பிறகு அது நீண்டு உப்பி, கருஞ்சிவப்பாக மாறிவிடும். அதற்குப் பறக்கச் சிறகு இல்லை, குதிக்கவும் தெரியாது. கண்ணில் பட்ட பூச்சி துள்ளிக் குதித்தால் அது தெள்ளுப்பூச்சி. சிறு கரப்பான் குஞ்சுகளையும் கம்பள வண்டின் மயிரடர்ந்த புழுக்களையும் மூட்டைப்பூச்சி என்று எண்ணிக் கலங்குபவர்களும் உண்டு. ஐயம் ஏற்பட்டால் பூச்சியை நசுக்காமல் ஒளிபுகும் ஒட்டுநாடாவில் ஒட்டி, வெள்ளைத் தாளில் பதித்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளிர்மஞ்சளாக, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலோடு இருப்பதால், இரத்தம் குடித்த பிறகு ஒரு சிவப்புப் புள்ளியாகத்தான் அது கண்ணுக்குத் தெரியும். வளர்ந்த பூச்சியாவதற்குள் அது ஐந்து முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு முறையும் உரிப்பதற்கு முன் ஒரு முறையாவது வயிறார இரத்தம் குடித்தாக வேண்டும். முட்டை 1 மில்லிமீட்டர் நீளத்தில், வெண்முத்துபோல், பிசின் வைத்ததுபோல் மரத்திலோ துணியிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான அறையில் அது 6 முதல் 10 நாட்களில் பொரித்துவிடும். ஒரு பெண்பூச்சி நாளொன்றுக்கு 1 முதல் 5 முட்டைகள் வரை இடும்; வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் இடும். கருவுற்ற ஒரேயொரு பெண்பூச்சி ஒரு பெட்டியின் மடிப்பில் வந்து சேர்ந்தாலே ஒரு வீட்டுக்குப் போதும்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் வெளியூர் போய்விட்டால் பட்டினியால் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வெப்பமான அறையிலேயே அவை மாதக்கணக்கில் இரத்தம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த இடத்தில் இன்னும் நெடுங்காலம் உயிரோடு இருக்கும்.

கடித்த தடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதும் சரியன்று. உறக்கத்தில் திறந்திருக்கும் தோலில் 5 முதல் 10 நிமிடம் வரை இருந்து அது இரத்தம் குடித்தாலும், கடிபடுபவருக்குப் பெரும்பாலும் அந்நேரத்தில் தெரிவதில்லை. சிலருக்கு மறுநாளே அரிப்பும் தடிப்பும் வரும். சிலருக்கு அது பல நாள் கழித்து, இரண்டு வாரம் வரைகூடத் தாமதித்து வரும். சிலருக்கு எதுவுமே வருவதில்லை. ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவர் உடல் முழுக்கத் தடித்திருக்க, மற்றவர் தோலில் ஒரு புள்ளியும் இல்லாமல் இருப்பது இதனால்தான். மூட்டைப்பூச்சி மனிதரிடையே நோயைப் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் சொறிந்த புண்ணில் கிருமித்தொற்று ஏற்படலாம். தூக்கமின்மையும் மன உளைச்சலும் உண்மையான துன்பங்கள். அரிப்பு கடுமையாக இருந்தாலோ, வீக்கம் பரவினாலோ, புண்ணில் சீழ் வைத்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தேடும் முறை

இந்த வேலைக்கு ஒளிமிக்க கைவிளக்கு ஒன்று, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று, ஒட்டுநாடா, ஈரப் பஞ்சு, திருப்புளி ஆகியவை போதும். ஓர் அறைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவசரமாகப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்வதைவிடப் பார்க்காமலே இருந்துவிடலாம்.

நான்கு தடயங்களைத் தேட வேண்டும். முதலாவது உயிருள்ள பூச்சி. இரண்டாவது, அது உரித்துப் போட்ட சட்டை: பூச்சியின் வடிவத்திலேயே உள்ளீடற்று, பழுப்புநிற உமிபோல் இருக்கும். மூன்றாவது முட்டைகளும் பொரித்த ஓடுகளும். நான்காவதும் எளிதில் கண்ணில் படுவதும் அதன் கழிவுப் புள்ளிகள்தாம். செரித்த இரத்தமாகையால் அவை கருமையாக இருக்கும். துணியில் மைப்பேனாவின் முனையை அழுத்தி வைத்ததுபோல் ஊறிப் பரவியிருக்கும். ஈரப் பஞ்சால் தேய்த்தால் செம்பழுப்பாகக் கரைந்து இழுபடும். அழுக்கோ பூஞ்சையோ அப்படி இழுபடாது. போர்வையில் காணும் சிறு இரத்தக் கறைகள், இரத்தம் குடித்த பூச்சி புரண்டு படுத்தவரின் உடலடியில் நசுங்கியதால் ஏற்பட்டவையாக இருக்கலாம். எண்ணிக்கை மிகுந்துவிட்ட அறையில் திகட்டலான ஒரு தனி நாற்றமும் வீசும். ஆனால் நாற்றம் வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

பூச்சிகள் தங்கள் இரைக்கு அருகிலேயே கூட்டமாகத் தங்க விரும்புகின்றன; நம் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவும் உடல் வெப்பமும் அவற்றை ஈர்க்கின்றன. எனவே தேடலைப் படுக்கையில் தொடங்கி வெளிப்புறமாக நகர வேண்டும். விரிப்பை உதறாமல் மெல்லச் சுருட்டி எடுத்து, உடனே ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். மெத்தையின் ஓரத்தையலை விரலால் பிரித்துப் பிரித்து நான்கு பக்கமும் பாருங்கள். மூலைகளும், காற்றுத் துளைகளும், பெயர்ச்சீட்டின் அடிப்பக்கமும் அவை விரும்பும் இடங்கள். பிறகு மெத்தையை நிமிர்த்தி அடிப்பக்கத்தைப் பார்த்து, அதன் பிறகு கட்டிலுக்கு வர வேண்டும்.

பல வீடுகளில் மெத்தையைவிடக் கட்டிலில்தான் அவை அதிகமாக இருக்கும். சட்டங்கள் சேரும் மூட்டுவாய், திருகாணிகளின் குழிகள், பலகைகளின் இடைவெளி, மரத்தின் வெடிப்பு, இரும்புக் குழாயின் திறந்த முனை என ஒவ்வொன்றிலும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலே தட்டையான அந்த உடல் நுழைந்துவிடும். தலைமாட்டுப் பலகை சுவரில் பொருத்தப்பட்டிருந்தால் அதைக் கழற்றாமல் தேடல் முழுமையடையாது. பார்வைக்கு எட்டாத அதன் பின்புறத்தில்தான் பெருங்கூட்டம் ஒன்று நிம்மதியாகக் குடியிருக்கும்.

படுக்கையைச் சுற்றி இரண்டு மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் அனைத்தும் அடுத்த கட்டம். பக்கத்து மேசையின் இழுப்பறைகளை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். நாற்காலி, சோபா ஆகியவற்றின் தையல்களும் அடித்துணியும், திரைச்சீலையின் மேல்மடிப்பு, சுவரில் மாட்டிய படங்களின் பின்புறம், உரிந்த சுவரொட்டி, தரையோரப் பட்டை, கதவின் கீல், புத்தகங்களின் முதுகு ஆகியவற்றையும் விடக்கூடாது. மின்சுவிட்சுப் பலகையின் மூடியைத் திறப்பதானால் முதலில் மின்னிணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பகலில் நெடுநேரம் ஒருவர் சாய்ந்திருக்கும் நாற்காலியையும், சக்கர நாற்காலியையும், குழந்தையின் தொட்டிலையும் படுக்கைக்குச் சமமாகக் கருதிச் சோதிக்க வேண்டும்.

எவ்வளவு தேடியும் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் ஐயம் தீரவில்லை என்றால், கட்டில் கால்களுக்கடியில் பொறிக்கிண்ணங்களை வையுங்கள். ஒரு பெரிய வழவழப்பான கிண்ணத்துக்குள் ஒரு சிறிய கிண்ணம், சிறியதற்குள் கட்டில்கால், பெரிய கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் மட்டும் பூச்சி ஏறுவதற்கு வசதியாகச் சொரசொரப்பான நாடா. இறங்கும் பூச்சி உள்கிண்ணத்திலும், ஏற வரும் பூச்சி இரண்டுக்கும் இடையிலும் விழுந்து வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும். வெப்பமண்டல இனம் வழவழப்பான பரப்பிலும் மற்ற இனத்தைவிட நன்றாக ஏறக்கூடியது. ஆகவே உட்சுவர்களில் மெல்லியதாக டால்கம் பவுடர் பூசி, அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் நாள்தோறும் கிண்ணங்களைப் பார்த்துவந்தால் விடை கிடைக்கும்.

பரவாமல் காத்தல்

இருப்பது உறுதியானதும் எழும் முதல் உந்துதல், அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துவிடுவது. அதைச் செய்யாதீர்கள். ஆளில்லாத படுக்கையை விட்டு அவை உங்களைத் தேடி வரும். அல்லது உங்கள் தலையணையோடு நீங்களே அவற்றைக் கொண்டுபோவீர்கள். ஓர் அறைத் தொல்லை ஈரறைத் தொல்லையாகிவிடும். மெத்தையைத் தூக்கித் தெருவில் போடுவதும் வேண்டாம். இழுத்துச் செல்லும் வழியெல்லாம் பூச்சிகள் உதிரும்; அதை எடுத்துச் செல்லும் இன்னொருவர் வீட்டுக்கும் அவை போகும்; வாங்கிவரும் புது மெத்தையில் கட்டிலில் எஞ்சியவை ஏறிக்கொள்ளும். கிழிந்து பயன்படாமல் போன பொருளைத்தான் கழிக்க வேண்டுமென்றால், அறைக்குள்ளேயே பிளாஸ்டிக் தாளால் முழுவதும் சுற்றி ஒட்டி, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி வெட்டிச் சிதைத்து, பூச்சி உள்ள பொருள் என்று எழுதி வெளியேற்றுங்கள்.

அறையிலுள்ள துணி, புத்தகம், பொம்மை எதுவானாலும் பையில் போட்டுக் கட்டாமல் வாசலைத் தாண்டக்கூடாது. தரையிலும் கட்டிலடியிலும் குவிந்திருக்கும் பொருட்களைக் குறையுங்கள்.

இதோடு கட்டிலைத் தனித் தீவாக மாற்றிவிட வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, போர்வையோ கொசுவலையோ தரையைத் தொடாதபடி செருகி, கால்களைப் பொறிக்கிண்ணத்தில் நிறுத்திவிட்டால், சுத்தம் செய்த படுக்கைக்குப் பூச்சி ஏறிவர வேறு வழி இருக்காது. மெத்தையையும் தலையணையையும் முழுவதும் மூடி ஜிப் வைத்து அடைக்கும் உறைகள் கிடைக்கின்றன. உள்ளே இருப்பவை வெளியே வர முடியாமல் மடியும். வெளியே இருப்பவை தையல்களில் புக முடியாது. உறையில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் பயனில்லை என்பதால், கட்டிலின் கூரான முனைகளில் முன்கூட்டியே துணி சுற்றிவிட வேண்டும்.

வெப்பமே முதல் ஆயுதம்

எந்த மருந்துக்கும் தப்பிப் பிழைக்கும் பூச்சி வெப்பத்துக்குத் தப்புவதில்லை. 50 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பம் தொடர்ந்து பட்டால் பூச்சி, குஞ்சு, முட்டை மூன்றும் சாகும். முட்டைதான் அதிகம் தாங்கும். 55 டிகிரியை எட்டினால் அதுவும் உடனடியாக அழியும். வெப்பம் பொருளின் உட்புறம் வரை போய்ச் சேர வேண்டும் என்பதே இதில் உள்ள ஒரே நிபந்தனை.

துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் உயர்வெப்பத்தில் வைத்து, துணி காய்ந்த பிறகும் 30 நிமிடம் ஓடவிடுங்கள். துவைக்க வேண்டாத துணிகளை நேரடியாக இயந்திரத்தில் போட்டுச் சூடாக்கினாலே போதும். கொல்வது சோப்பன்று, சூடு. உலர்த்தும் இயந்திரம் இல்லாதவர்கள், துணி தாங்குமானால் கொதிநீரில் அமிழ்த்தி வைத்துத் துவைக்கலாம். தையல்களை இருபுறமும் நிதானமாகச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துவதும் பலன் தரும். முடித்த துணிகளைப் பழைய பையில் திரும்பப் போடக்கூடாது.

மெத்தையை வெயிலில் போடுவது பலர் நம்பும் வழி. அதைச் செய்வதில் கெடுதி இல்லை. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. மேற்பரப்பு தொடமுடியாத அளவுக்குச் சுட்டாலும், நடுப்பகுதியும் அடிப்பகுதியும் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. சூடு ஏறுவதை உணர்ந்த பூச்சிகள் நிழல்பக்கத்துக்கு நகர்ந்துகொள்கின்றன.

மெத்தைத் தையல், சோபா, கட்டில் இடுக்கு ஆகியவற்றுக்கு நீராவிக் கருவி மிக ஏற்றது. முனையைப் பரப்போடு ஒட்டிப் பிடித்து, ஓர் அடி நீளத்தைக் கடக்கப் பத்து விநாடிக்குக் குறையாமல் மெதுவாக நகர்த்த வேண்டும். வேகமாகப் பீறிடும் நீராவி பூச்சியைக் கொல்லுமுன் தள்ளிவிட்டுவிடும். ஆகவே அகன்ற முனையையும் குறைந்த விசையையும் தேர்ந்தெடுங்கள். மின்கருவிகளுக்கும் மின்செருகிகளுக்கும் அருகே இதைப் பயன்படுத்தக்கூடாது. வேலை முடிந்ததும் மெத்தை நன்கு காய்ந்த பிறகே உறையிட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். கழற்றிய இரும்புக் கட்டிலை வெளியே வைத்துக் கொதிநீரை மூட்டுவாய்களில் ஊற்றுவதும் நல்ல முறைதான். கை கால்களில் தெறிக்காமலும் குழந்தைகள் அருகே வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூடு தாங்காத புத்தகம், காலணி, பொம்மை போன்றவற்றைப் பையில் அடைத்து, கழித்தல் 18 டிகிரியில் இயங்கும் உறைபெட்டியில் நான்கு நாட்கள் முழுமையாக வைத்திருங்கள்.

இடையில் வாக்குவம் கிளீனரும் உதவும். ஒடுங்கிய முனையைப் பொருத்தி, முதலில் பிளாஸ்டிக் அட்டையால் இடுக்கைச் சுரண்டி, பிறகு உறிஞ்ச வேண்டும். முட்டைகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் சுரண்டாமல் வருவதில்லை. முடித்த அந்த நிமிடமே உள்ளே சேர்ந்ததைப் பையில் கட்டி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். தாமதித்தால் உறிஞ்சிய குழாய் வழியாகவே அவை திரும்பி வரும். காலியான வெடிப்புகளைப் பட்டியோ சிலிக்கோன் பசையோ வைத்து அடைத்துவிடலாம்.

மருந்துகளைப் பற்றி

இரண்டாம் உலகப்போரை ஒட்டிப் பரவலாகப் பயன்பட்ட டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மூட்டைப்பூச்சியைப் பல நாடுகளில் ஏறக்குறைய மறக்கவைத்தது. ஆனால் 1940களின் இறுதியிலேயே அதற்குச் சாகாத பூச்சிகள் தென்பட்டன. 1990களின் பிற்பகுதியிலிருந்து மூட்டைப்பூச்சி உலகெங்கும் மீண்டும் பெருகியது. இன்று வீட்டு மருந்துகளில் மிகுதியாக இருக்கும் பைரித்ராய்டு வகை, பூச்சியின் நரம்பில் டிடிடி தாக்கும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. அதனால் டிடிடியைத் தாங்கப் பழகிய பரம்பரைகள் இதையும் எளிதில் தாங்குகின்றன. கொசுவும் கரப்பானும் சாகும் மருந்தில் மூட்டைப்பூச்சி நடமாடுவதற்குக் காரணம் இதுவே. மருந்தின் அளவை இருமடங்காக்கினால் பாதிக்கப்படுவது நீங்களும் உங்கள் குழந்தைகளும்தாம். அறையில் வைத்துப் புகையவிடும் குப்பிகளும் பயன் தருவதில்லை. புகை அறையின் திறந்தவெளியில் மிதக்கிறது, பூச்சி இடுக்கில் இருக்கிறது.

வீட்டார் தாமே பயன்படுத்தக்கூடியவற்றில் டயட்டோமேசியஸ் மண் (நீர்வாழ் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான தூள்) குறிப்பிடத்தக்கது. அது பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகுப் பூச்சை அகற்றி, உடலின் ஈரத்தை இழக்கச் செய்து, சில நாட்களில் கொல்கிறது. உலர்ந்தே வேலை செய்வதால் பூச்சி அதற்குப் பழகிப்போவது அரிது. சுவரோர இடுக்கிலும் தரையோரப் பட்டையின் பின்னும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலமாகத் தூவ வேண்டும். குவித்துக் கொட்டினால் அவை சுற்றிப் போய்விடும். நுண்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. முகக்கவசம் அணிந்து தூவுங்கள். மெத்தையிலும் காற்றில் பறக்கும் இடத்திலும் தூவாதீர்கள். பூச்சிக்கென்று விற்கப்படும் வகையைத்தான் வாங்க வேண்டும். நீச்சல்குள வடிகட்டிக்கான வகை ஆபத்தானது.

இனிச் சொல்வதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். மண்ணெண்ணெய், பெட்ரோல், எரிசாராயம் ஆகியவற்றை மெத்தையில் தெளித்து வீட்டையே எரித்துக்கொண்டவர்கள் உண்டு. வயலுக்கான பூச்சிக்கொல்லியைப் படுக்கையறையில் தெளிப்பது உயிரோடு விளையாடுவதாகும். தானியக் கிடங்குகளுக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை ஒருபோதும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது வெளியிடும் பாஸ்பீன் வாயு, மூடிய கதவையும் சுவர் விரிசலையும் தாண்டி அடுத்த அறையில் உறங்குபவரைக் கொல்லும். குழந்தைகள் இதனால் இறந்திருக்கிறார்கள். இதற்கு முறிமருந்து இல்லை.

பூச்சி ஓர் அறையைத் தாண்டிவிட்டாலோ, அடுக்குமாடியில் குடியிருந்தாலோ, பூச்சிக்கட்டுப்பாட்டு நிபுணரை அழைப்பதே அறிவுடைமை. முதலில் வந்து சோதிக்காமல் தொலைபேசியிலேயே விலை சொல்பவரையும், ஒரே முறையில் முடித்துத் தருவதாக உறுதியளிப்பவரையும் தவிர்த்துவிடுங்கள். எந்த மருந்து, எங்கெங்கே, எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம், இரண்டாம் முறை எப்போது என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுங்கள். கருவுற்றவர், கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர், வளர்ப்பு விலங்கு, மீன்தொட்டி ஆகியவை இருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அறை முழுவதையும் 50 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூடாக்கும் முறையும் சில இடங்களில் கிடைக்கிறது. ஒரே நாளில் முட்டை வரை அழிக்க வல்லது என்றாலும், பின்னால் புதிதாக வருபவற்றை அது தடுக்காது.

பக்கத்து வீட்டாரிடம் சொல்லத் தயங்காதீர்கள். மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதன்று, இரத்தத்தைத் தேடி வருவது. பளிங்குபோல் துடைத்த வீட்டிலும் அது வரும். மறைத்து வைத்தால் சுவர் வழியாகவும் குழாய் வழியாகவும் அவை இரு வீடுகளுக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கும்.

நாள்கணக்கு

முதல் முறை அழித்த நாளை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை அதே வரிசையில் தேடி, கண்டது எது, எந்த இடத்தில் என்பதைக் குறித்து வையுங்கள். கழிவுப் புள்ளிகளை முதலிலேயே துடைத்துவிட்டால், புதிய புள்ளி தோன்றுவது உடனே தெரியும். 10 முதல் 14 நாட்களுக்குள் இரண்டாவது முறை முழு வேலையையும் செய்ய வேண்டும். அப்போது, எஞ்சிய முட்டைகள் பொரித்து வந்த குஞ்சுகள் இன்னும் முட்டையிடும் பருவத்தை எட்டியிருக்காது. எதுவும் கண்ணில் படவில்லை என்பதற்காக இதைக் கைவிடக்கூடாது. புதிய தடயம் தெரிந்தால் மூன்றாம் முறையும் தேவைப்படும்.

தொடர்ந்து இரண்டு மாதங்கள் பூச்சியோ, புள்ளியோ, கிண்ணத்தில் விழுந்ததோ எதுவும் இல்லையென்றால் ஒழிந்தது என்று கொள்ளலாம். பொறிக்கிண்ணங்களை அதன் பிறகும் விட்டுவையுங்கள்; மெத்தை உறையை ஓராண்டு முழுவதும் கழற்றாதீர்கள். பயணம் போய்த் தங்கும் அறையில் பெட்டியைக் கட்டிலிலோ தரையிலோ வைக்காமல், முதலில் மெத்தையின் ஓரத்தையலையும் தலைமாட்டையும் பார்த்துவிட்டு உயரமான இடத்தில் வையுங்கள். திரும்பியதும் துணிகளை நேரே சூட்டுக்கு அனுப்பிவிட்டு, பெட்டியின் மடிப்புகளை வாசலிலேயே சோதியுங்கள். ஒருவர் பயன்படுத்திய கட்டில், சோபா, மெத்தை ஆகியவற்றை வாங்கினால், மேலே சொன்ன தேடல் முழுவதையும் வீட்டுக்கு வெளியிலேயே முடித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.